கத்தரிக்கோல் என்னுடையது

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே ஜெர்மனியில் காலையில் எழும்பியதும் பார்த்திருப்பாய். உடனே என்னோடு கதைத்திருப்பாய். நான் அழாவிட்டால் நீ அழுதிருப்பாய். விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே முடிந்திருக்கும். அப்படி முடியக்கூடாது என்பதால்தான் உன் கட்டுரை வந்த அதே பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீ எழுதியதை ஊர் வாசித்தது. அதில் இருக்கும் பிழையையும் ஊர் வாசிக்கவேண்டும்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். யுத்தத்தில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய காலத்தில், சட்டத்தரணியான உன் அப்பா, காணி உறுதிப் பத்திரங்களைக் கைவிட்டு ஓடிவந்த நாற்பத்தொரு பேரின் வாக்குமூலங்களைத் தன் கையால் எழுதி வைத்தார். யாருடைய காணி, நாலு பக்கமும் யார் யாருடைய வளவு, நடுவில் என்ன நின்றது என்ற விபரங்கள். இன்று அந்தத் தாள்களில் ஒரு பெயரும் இல்லை. பெயர் இருந்த இடமெல்லாம் சதுரமாக வெட்டிய துளை. கீழே பெருவிரல் அடையாளம் இருந்த இடத்திலும் துளை. நீ ஒரு தாளைப் படம் பிடித்துப் போட்டு, அப்பாவை விசாரணைக்குக் கூட்டிப்போனவர்கள் இவற்றையும் எடுத்துப்போய்ப் பெயர்களை வெட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்கள் என்று எழுதினாய். ஒரு ஊரை இரண்டாம் முறை வெளியேற்றிய கத்தரிக்கோல் என்பது உன் வசனம். நல்ல வசனம். அடுத்த மாதம் உன் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகவும் சொன்னாய்.

அவர்கள் வெட்டவில்லை. நான் வெட்டினேன்.

இதை நீ இங்கே இருந்தபோதே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் என்னிடம்தானே தந்தாய். "அம்மா, ஒருக்காப் பாருங்கோ, தமிழ் சரியோ எண்டு" என்றாய். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து சிவப்புப் பேனையால் திருத்தினேன். ஒரு நீண்ட வசனத்தை இரண்டாக உடைத்தேன். ஓரிடத்தில் 'கொடூரம்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, விபரமே போதும் என்று பக்கத்தில் எழுதினேன். இருபத்திரண்டு வருடமாகச் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஒரு பத்திரத்தைக் கண்டால் இதை யார் எழுதினார், ஏன் எழுதினார், யாருடைய கை பட்டது என்று கேட்கவேண்டும் என்று மாணவர்களைப் பிடுங்கி எடுப்பவள். என் கை பட்ட பத்திரத்தைப் பற்றிய கட்டுரையை மொழி திருத்தி என் மகனிடமே திருப்பிக் கொடுத்தேன். நீ என் நெற்றியில் கொஞ்சிவிட்டுப் போனாய். விமான நிலையத்திலும் சொல்ல நினைத்தேன். நீ பயணப்பெட்டியின் நிறையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பெட்டிக்குள் அப்பாவின் கையெழுத்துப் பிரதி இருந்தது.

அந்தப் பிரதியிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஏனென்றால் வெட்டுவதை எனக்குப் பழக்கியது அதுதான்.

உன் அப்பாவின் சீனியராக இருந்த சட்டத்தரணி ஓய்வுபெற்றபோது, தன் அலுவலக அலுமாரியை அப்பாவுக்கே விட்டுவிட்டுப் போனார். சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் மட்டை கழன்ற ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு சட்டத்தரணியின் வரலாறு. அவர் எழுத்தாளரும்கூட. அப்பா அதை ஒரு மழைக்காலத்தில் வாசித்து முடித்தார். பிறகு, இந்த மனிதனின் வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன் என்று சொன்னார். நான் அப்போது கலியாணம் செய்து இரண்டு வருடம். பட்டப்படிப்பில் அந்தக் காலத்து ஐரோப்பாவைப் படித்தவள் என்ற மிதப்பும் இருந்தது. "ஜெர்மன் பாஷை தெரியாமல் ஜெர்மன்காரன்ர சரித்திரமோ?" என்று கேட்டேன். "எனக்கு ஆளைத் தெரியும். பாஷைதான் தெரியாது" என்றார் அப்பா.

கட்டுரையில் நீ அவருடைய பெயரைப் பல தடவை எழுதிவிட்டாய். நான் வீட்டில் சொன்னபடியே 'ஜெர்மன்காரர்' என்று சொல்கிறேன். அவர் எங்கள் வீட்டில் ஓர் ஆளாகவே இருந்தார். அப்பா நீதிமன்றத்தால் வந்து சேர்ட்டைக் கழற்றும்போதே நான் கேட்பேன், "ஜெர்மன்காரர் இண்டைக்கு எங்க நிக்கிறார்?" என்று. "மறியல்ல" என்பார் அப்பா; எழுத்து சிறை அத்தியாயத்தில் நிற்கிறது என்று அர்த்தம். "இன்னுமோ?" "ஆறு மாசமா மறியல்லதான். நான்தான் சோறு குடுக்கிறன்." ஒருநாள் யன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தாள்களை வளவுக்குள் வந்த மான் ஒன்று இழுத்துத் தின்றுவிட்டது; திருகோணமலை மான்களுக்குப் புல்லும் கடதாசியும் ஒன்றுதானே. நீ கத்திக்கொண்டு ஓடிவந்து சொன்னாய். அப்பா வெளியே போய், மிச்சத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, அந்த மானைப் பார்த்துச் சொன்னார்: "முதல் வாசகர். குறை ஒண்டும் சொல்லேல்ல." நீ அந்த வயதில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. தின்ற அத்தியாயத்தை அப்பா திரும்ப எழுதினார். நான்தான் எல்லாவற்றையும் நல்ல பிரதியாக எழுதிக் கொடுத்தவள். நீ இப்போது கொண்டுபோயிருக்கும் பிரதியின் கையெழுத்து என்னுடையது.

அந்த மனிதரின் வாழ்க்கையில் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. அதுதான் அப்பாவுக்குப் பிடித்ததோ தெரியாது. சட்டம் படித்துக்கொண்டிருந்த வயதில் ஒரு மாணவர் சங்கத்தில் சேர்ந்ததற்காக முதல் மறியல். பிறகு சின்ன ஊர் ஒன்றில் சட்டத்தரணியாக இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் களவு. குளிருக்கு விறகு பொறுக்கிய ஏழைகளுக்காக அவர் நீதிமன்றத்தில் நின்றார். அவர்கள் சொன்னதைச் சட்ட மொழிக்கு மாற்றாமல் அவர்களுடைய பேச்சிலேயே எழுதிப் பத்திரிகையில் போட்டார். நாவல்கள் எழுதினார், அவை அவ்வளவு நல்ல நாவல்கள் இல்லை என்று அப்பாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் ஐரோப்பா முழுக்கக் கிளர்ச்சி எழுந்தபோது இவரும் மேடையேறினார். அடுத்த வருடமே எல்லாம் அடங்கிப்போனது. இரண்டாம் மறியல், பிறகு ஏரியைக் கடந்து அடுத்த நாட்டுக்குப் போய், அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பொதுமன்னிப்பு வந்தபோது வயதாகியிருந்தது. திரும்பி வந்து, வேலித் தகராறும் சீதனத் தகராறும் பார்க்கும் சாதாரணச் சட்டத்தரணியாக முடிந்தார். சாகும் முன்னர் தன் நினைவுகளை எழுதினார்.

அந்த நினைவுகளின் பகுதிகள் ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தன; அவற்றில்தான் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. ஜெர்மன்காரர் தன்னோடு நின்ற ஒருவருடைய பெயரையும் முழுதாக எழுதவில்லை. முதல் எழுத்தும் ஒரு கோடும். அந்தக் காலத்து எழுத்தில் அது வழக்கம்தான். 'க— என்ற தச்சன் என்னை மூன்று நாள் தன் பட்டறையில் ஒளித்து வைத்தான்' என்பதுபோலப் பக்கம் பக்கமாகப் போகும். பொலிஸ் கையில் புத்தகம் அகப்பட்டாலும் அந்த மனிதருக்கு ஆபத்து வராது. நான் அது சரி என்றேன். அப்பா கொதித்துப்போனார். "எல்லாரையும் காப்பாத்திப்போட்டான். ஆனா ஒருத்தரையும் மிச்சம் வைக்கேல்ல. அந்தத் தச்சன்ட பேரன் இந்தப் புத்தகத்தை எடுத்து இது என்ட தாத்தா எண்டு சொல்ல ஏலுமோ?" என்று கேட்டார். "பேரன் பிறக்கிறதுக்குத் தாத்தா உயிரோட இருக்கவேணுமெல்லோ" என்றேன் நான். அப்பா எழும்பித் துறைமுகப் பக்கம் நடக்கப் போய்விட்டார். எங்களுக்குள் நடந்த சண்டைகளில் நான் வென்றது இது ஒன்றுதான். வென்றிருக்கக்கூடாது.

அதற்குப் பிறகுதான் சம்பூர் வெளியேறியது. லிங்கநகரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போய்த் துறைமுகத்துக்கு வெளியே கடல் தெரியும் இடத்தில் நின்றால், குடாவுக்கு அங்கால் கோடு மாதிரித் தெரிவதுதான் அந்தக் கரை. வந்தவர்கள் பின்னேரத்தில் போய் அங்கே நிற்பார்கள். நாகம்மா அக்காவை நான் முதலில் கண்டது அப்படித்தான். மெலிந்த, உயரமான மனிசி. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "அந்தா, அந்த மூண்டு தென்னைக்கு இஞ்சால என்ட வளவு" என்று பக்கத்தில் நின்றவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தா. எனக்கு ஒரு தென்னையும் தெரியவில்லை. அப்பா கேட்டார், "உறுதி இருக்கோ அக்கா?" என்று. "உடுத்த சீலையோட வந்தனான் ஐயா, உறுதிக்கு எங்க போற?" என்றா. அடுத்த நாள் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு அப்பா எழுதத் தொடங்கினார்.

ஜெர்மன்காரர் செய்ததுபோலவே அவர்களுடைய பேச்சிலேயே எழுதினார். பெயர்களை மட்டும் முழுதாக எழுதினார், தகப்பன் பெயரோடு. நாகம்மா அக்காவின் தாள் எனக்குப் பாடம். வடக்கே இன்னாருடைய வேலி, கிழக்கே கோயிலுக்குப் போற ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய வளவு, மேற்கே நான் தங்கச்சிக்குக் குடுத்த துண்டு, நடுவில கிணறு, கிணத்துக் கட்டில என்ட மகன்ட கால் அடையாளம் இருக்கு, சீமெந்து காயமுதல் மிதிச்சிட்டான், அடிச்சனான். 'அடிச்சனான்' என்பதையும் அப்பா எழுதினார். "இது காணி விபரத்துக்கு என்னத்துக்கு?" என்று நான் கேட்டேன். "கள்ளன் ஒருத்தன் இந்தக் காணிக்கு வந்து நிண்டா, கால் அடையாளத்தைச் சொல்லுவான். அடிச்சதைச் சொல்லமாட்டான்" என்றார்.

ஆட்களுக்குப் பிரதி கொடுக்கவில்லை. அவர்களே வேண்டாம் என்றார்கள். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்க்கும் காலம். எழுதின கடதாசி இருந்தால் ஆயிரம் கேள்வி. "உங்களிட்டயே இருக்கட்டும் ஐயா. இந்த வீடுதான் எங்களுக்கு அரசாங்கக் கச்சேரி" என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. நீயும் அப்பாவின் தொழிலுக்கே போயிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்: ஒருவர் தன் வாழ்க்கையை உன் மேசையில் எழுதித் தந்தால், அதை வைத்திருக்க வேறொரு கையையும் அன்றைக்கே தேடு. ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைக்காதே. அந்த வீட்டில் நல்லவர்கள் இருந்தாலும் வைக்காதே.

நீ எட்டு வயதில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். ஒரு காலையில் விசாரணை என்று வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. எந்த அலுமாரியையும் திறக்கவில்லை. இது முக்கியம், இதை நீ உன் கட்டுரையில் மாற்றவேண்டும். நாலாம் நாள், அடுத்த தெருவில் ஒரு வீட்டைத் தலைகீழாக்கித் தேடினார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ பள்ளிக்கூடத்தில். நான் அந்தத் தாள்களை எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோனேன். எரிப்பதென்றுதான் கொண்டுபோனேன். முதல் தாளை அடுப்புக்குக் கிட்டப் பிடித்தபோது என்னால் ஏலவில்லை. பத்திரத்தை எரிக்கக்கூடாது என்று படித்தவள் அல்லவா. முழுதாக வைத்திருக்கவும் துணிவு இல்லை. அப்போதுதான் ஜெர்மன்காரரின் முதல் எழுத்தும் கோடும் நினைவுக்கு வந்தன. ஆபத்து பெயரில்தானே இருக்கிறது, பெயரை மட்டும் எடுத்தால் உள்ளடக்கம் தப்பும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். சொன்னவரின் பெயர், தகப்பன் பெயர், பெருவிரல் அடையாளம். பிறகு எல்லைகளில் இருந்த அயலவர்களின் பெயர்கள். ஒருவருடைய வடக்கு இன்னொருவருடைய தெற்கு என்பதால், ஒரு தாளில் வெட்டிய பெயர் வேறு மூன்று தாள்களில் இருந்தது. தேடித் தேடி வெட்டினேன். ஒன்றும் விடவில்லை. மரங்களையும் கிணறுகளையும் விட்டேன். முடிந்தபோது ஒரு சின்னச் சுளகு நிறையப் பெயர்கள் இருந்தன. அவற்றை அடுப்பில் போட்டு, அந்த நெருப்பில் உனக்குப் புட்டு அவித்தேன். நீ வந்து, பசிக்குது என்று சொல்லிச் சீனி போட்டுச் சாப்பிட்டாய்.

யாரும் எங்கள் வீட்டைத் தேட வரவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பதினோராம் நாள் அப்பா வந்தார். அவரிடம் கேட்டதெல்லாம் அவருக்குச் சரியாக முகம்கூட நினைவில்லாத ஒரு பழைய வழக்கின் கட்சிக்காரரைப் பற்றித்தான். தாள்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அது வீண் பயம் என்று இன்று சொல்வது சுலபம். ஒருவேளை வந்திருந்தால், அந்த நாற்பத்தொரு பேருக்கும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அந்தக் கேள்வியை வைத்து என்னை நீ மன்னிக்கத் தொடங்காதே. அதைப் பத்து வருடம் நானே செய்து பார்த்துவிட்டேன்.

அப்பா குளித்து, சாப்பிட்டு, அலுமாரியைத் திறந்தார். நான் குசினி வாசலில் நின்றேன். முதல் தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். துளைகளுக்குள்ளால் முற்றம் தெரிந்தது. ஒவ்வொரு தாளாக நாற்பத்தொன்றையும் பார்த்தார். நான் காரணங்களை ஒழுங்காகச் சொல்லத் தயாராக நின்றேன். அவர் கேட்கவில்லை. தாள்களைத் தட்டி அடுக்கி, பழையபடி நூலால் கட்டினார். "வடிவா வெட்டியிருக்கிறீர்" என்றார். அவ்வளவுதான். கோபத்தில் சொன்னாரா, நான் பயந்து நின்றதைப் பார்த்து இரங்கிச் சொன்னாரா என்று பதினாறு வருடமாக யோசிக்கிறேன். அவரோடு வாழ்ந்தபோது ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். நீ எவளைக் கலியாணம் செய்தாலும், அன்றன்றைக்குக் கேட்கவேண்டியதை அன்றன்றைக்கே கேள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் படித்தவர்கள், நாகரிகமாக மௌனமாக இருந்தோம்.

அதற்குப் பிறகு ஜெர்மன்காரர் நகரவில்லை. பிரதியைப் பார்த்தாய் என்றால் தெரியும், இரண்டாம் மறியலோடு நிற்கிறது. அவர் ஏரியைக் கடந்ததும், திரும்பி வந்ததும், நினைவுகளை எழுதியதும் அதில் இல்லை. நான் ஒருநாள் பழைய பழக்கத்தில் கேட்டேன், "ஜெர்மன்காரர் எங்க நிக்கிறார்?" என்று. "அவரை விடும்" என்றார். மூன்று வருடத்தில் மாரடைப்பு. நீதிமன்ற வாசலில் விழுந்தார்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்த சம்பூர் ஆட்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா எழுதி வைச்சிருக்கிறார், அது போதும் என்று அழுதார்கள். நான் தலையாட்டினேன்.

நீ பதினாலு வயதில் அந்தக் கட்டைக் கண்டெடுத்தாய். "அம்மா, இதை ஆர் வெட்டினது?" என்று கேட்டாய். "அந்த நாளில எல்லாம் அப்பிடித்தான் தம்பி" என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மிச்சத்தை நீயே கட்டினாய். தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் தேவைப்பட்டது; நான் அதை இடிக்கவில்லை. உன் சட்டப் படிப்பு, உன் ஜெர்மன் வகுப்பு, உன் புலமைப்பரிசில் எல்லாம் அந்தச் சுவரோடுதான் எழுந்தன.

ஆனால் உன்னிடம் மறைத்தது இரண்டாவது குற்றம். முதலாவது நாகம்மா அக்காவிடம். சம்பூரில் திரும்பக் குடியேற விட்ட வருடம் அவ வந்தா. நீ வகுப்புக்குப் போயிருந்தாய். அவவின் வளவு புல்டோசர் போட்டுச் சமப்படுத்திக் கிடந்ததாம். வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை, கிணறும் மூடுண்டு போயிற்று. எல்லை காட்டக் கடதாசி கேட்கிறார்கள் என்றா. "டீச்சர், லோயர் ஐயா எழுதினவரெல்லே. நான் விரல் வைச்சனான்" என்றா. தாள் அவவுக்குப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினால் துளையையும் காட்டவேண்டும். நான் சொன்னேன், "அதெல்லாம் போட்டுது அக்கா. அந்தக் குழப்பத்தில ஒண்டும் மிஞ்சேல்ல." அவ கதிரையால் எழும்பினா. பிறகு என்னைத் தேற்றினா. "பரவாயில்ல டீச்சர். ஐயாவே போயிட்டார், கடதாசி எம்மாத்திரம்" என்றா. அவவுக்குக் கிடைத்தது கடலுக்குக் கிட்ட உப்புப் பிடித்த வேறொரு துண்டு. இப்போது தங்கச்சிக்கு வேறிடத்தில் கிடைத்த வளவின் மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறா.

நீ ஜெர்மனிக்குப் போய் மூன்றாம் சனிக்கிழமை, தாள்களைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் எடுத்தேன். முன்பு போல மூதூர் வள்ளத்துக்குக் காத்து நிற்கத் தேவையில்லை, பாலங்களால் போகலாம். நாகம்மா அக்கா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தா. கண் மங்கிவிட்டது, குரலில்தான் என்னைப் பிடித்தா. மகன் பேப்பரில் எழுதினதை ஆட்கள் வாசித்துக் காட்டினவை, தகப்பன் மாதிரியே வருவான் என்றா. நான் இருக்கவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. தாளை எடுத்து வாசித்தேன். துளை வரும் இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை வாசித்தேன். வடக்கே, வேலி. கிழக்கே கோயிலுக்குப் போற ஒழுங்கை. தெற்கே, வளவு. அவ கருவாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தா. கிணத்துக் கட்டுக்கு வந்தபோது என்னை முந்திக்கொண்டு அவவே சொன்னா: "அடிச்சனான்."

பிறகு, "என்ட பேர் எங்க?" என்று கேட்டா.

"நான் வெட்டினனான் அக்கா. பயத்தில. அவங்கள் இல்லை, நான்தான். பேப்பரில வந்தது பிழை."

"அப்ப, அண்டைக்கு நான் வந்து கேக்கக்குள்ள?"

"அலுமாரிக்குள்ள இருந்தது."

அவ தாளை வாங்கினா. முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. வாசிக்கத் தெரியாது, பார்த்தா. கீழே இருந்த துளையைத் தடவிக் கண்டுபிடித்து அதில் தன் பெருவிரலை வைத்தா. துளை பெரிது, நான் தாராளமாகத்தான் வெட்டியிருந்தேன். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. "உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லிப்போட்டுப் போனனான், டீச்சர்" என்றா. சத்தம் போடவில்லை. நான் அழத் தொடங்கியபோது, "இஞ்ச இருந்து அழாதீங்கோ" என்றா. அதில் இரக்கம் இருக்கவில்லை, தம்பி. இருக்கவேண்டிய தேவையும் இல்லை.

நான் பையைத் தூக்கியபோது மறித்தா. மற்றத் தாள்களையும் வாசிக்கச் சொன்னா. வெயில் சாயும் வரை நின்றுகொண்டே வாசித்தேன். அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. ஒன்பது தென்னையும் இடிந்த கொட்டகையும் வந்தபோது, அது சின்னராசன்ட, ஆள் போயிட்டான், மகள் இருக்கிறாள் என்றா. நாவல் மரமும் இரண்டு கிணறும் வந்தபோது தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டா. இப்படிப் பதினேழு பேரை மீட்டுச் சொன்னா. சில தாள்களுக்குத் தலையை ஆட்டினா. அந்த மரங்களை அறிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. தன் தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. அந்தப் பதினேழு பெயர்களையும் துளைக்கு மேல் ஒட்டாமல், வேறு தாளில், யார் சொல்லி எழுதினேன் என்ற விபரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். பிரதியும் எடுத்து அவவிடமே கொடுத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். அவவின் காணி இனித் திரும்பாது. அதில் இப்போது வேறு ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். அவரும் பாவம்.

உன்னிடம் எனக்கு ஒரு வேண்டுதல்தான். அடுத்த மாதம் பேசாமல் விட்டுவிடாதே. வெட்கத்தில் நோய் என்று சொல்லிப் படுத்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். அந்தப் படத்தைக் காட்டு. சம்பூரிலிருந்து அந்த மக்கள் எப்படி வெளியேறினார்கள் என்று சொல். அது உண்மை, என் பிழையால் அது பொய்யாகிவிடாது. அப்பாவைக் கூட்டிப்போனதும் உண்மை. பெயர்களை வெட்டியது யார் என்ற இடம் வரும்போது, வெட்டியவள் அவருடைய மனைவி, ஒரு சரித்திர ஆசிரியை, பயந்தவள் என்று சொல். யாராவது எழுந்து, அப்படியென்றால் மிச்சத்தை நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேட்கட்டும். அது நல்ல கேள்வி. அப்பாவின் பிரதி நின்ற இடத்திலிருந்து நீ தொடர்ந்து எழுதுவாய் என்றும் நினைக்கிறேன்; உனக்கு இப்போது பாஷையும் தெரியும். அந்தத் தச்சனின் முழுப் பெயரை அங்கே எந்தக் கிறிஸ்தவக் கோயிற் பதிவிலாவது தேடிப் பார். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது.

என்னோடு நீ எத்தனை நாள் கதைக்காமல் இருந்தாலும் இருக்கலாம். குளிர் தொடங்க முதல் அந்தத் தடித்த கோட்டை வாங்கிவிடு. மேடையில் என்னைப் பற்றிச் சொல்லும்போது என் பெயரையும் தகப்பன் பெயரையும் முழுதாகச் சொல். முதல் எழுத்தும் கோடும் போட்டு என்னைக் காப்பாற்றாதே.

அம்மா